பெக்கி தூங்குகிறாள்

டெல்பர்ட்டுக்கு மனைவியின் முகம் மறந்து ஒன்றரை வருடமாகிறது. பெக்கியின் முகம் மட்டும் மறக்கவில்லை.

இதில் இர்மாவுக்கு வருத்தமே இல்லையென்று சொன்னால் அது பொய். நாற்பத்து நான்கு வருடம் கூடவே வாழ்ந்தவள் இப்போது அவருக்கு வெறும் ‘மேடம்’. வீட்டு வேலைக்கும் தன்னைப் பார்த்துக்கொள்ளவும் யாரோ அனுப்பிவைத்த நல்ல பெண்மணி. ஆனால் பின்பக்கம் வளை தோண்டிக் குடியிருக்கும் ஒரு கிரவுண்ட்ஹாக், பேரோடும் ஊரோடும் நினைவில் இருக்கிறது. “எனக்கும் அவ மாதிரி பல்லு நீளமா இருந்திருந்தா ஞாபகம் வச்சிருப்பாரோ என்னவோ” என்று தங்கையிடம் போனில் சொல்லிச் சிரிப்பாள். போனை வைத்தபிறகு அடுப்படியில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள்.

கிரவுண்ட்ஹாக் அணில் வகையறாதான். ஆனால் பூனையைவிடக் கனம், கட்டைக் கால், எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கும் வாய். பென்சில்வேனியாவில் அந்தப் பக்கத்து ஜனங்களின் நியாயமே தனி. பிப்ரவரி இரண்டாம் தேதி உயரத் தொப்பியும் கோட்டுமாகப் பெரிய மனிதர்கள் கூடி, ஒரு கிரவுண்ட்ஹாக்கைத் தூக்கிப் பிடித்து, குளிர் இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்று பயபக்தியோடு கேட்பார்கள். அது தன் நிழலைப் பார்த்துவிட்டால் இன்னும் ஆறு வாரம் குளிர் என்று கணக்கு. அதே ஆட்கள் மே மாதம் பீன்ஸ் பாத்தியில் அதைப் பார்த்தால் வண்டி சீட்டுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கியை எடுப்பார்கள். வருடத்தில் ஒருநாள் சாமி, மற்ற நாளெல்லாம் திருடன்.

டெல்பர்ட்டும் அப்படி இருந்தவர்தான். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், மேட்டு நிலத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது இயந்திரத்தின் கத்தியில் ஒரு தாய் கிரவுண்ட்ஹாக் மாட்டிக்கொண்டது. இறங்கிப் பார்த்தால் பக்கத்தில் ஒரு குட்டி. இடது காதில் பாதி இல்லை. அன்றைக்கு அவர் மீதிப் புல்லை அறுக்கவில்லை. குட்டியைத் தொப்பியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“என்ன இது, எலியா?” என்றாள் இர்மா.

“குடி வந்திருக்கா. பேரு பெக்கி.”

“அதுக்குள்ள பேரு வேறயா?”

“வழியிலயே வச்சுட்டேன். நீ வேற எதாவது வச்சுத் தொலைப்பியே!”

ஆட்டுப்பால் ஊற்றி வளர்த்தார்கள். ஜூலை மாதம் பின்படிக்கட்டின் ஓரம் இறக்கிவிட்டபோது அது ஓடிவிடும் என்றுதான் இர்மா நினைத்தாள். அது படிக்கட்டின் அடியிலேயே தோண்ட ஆரம்பித்தது. அன்றிலிருந்து காலையில் டெல்பர்ட் ஜன்னலைத் திறந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில் அடிப்பார். பெக்கி எங்கே இருந்தாலும் பின்னங்காலில் நிமிர்ந்து, முன்கைகளை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, தேவாலயத்தில் பாட்டுக்கு எழுந்து நிற்கிற கிழவி மாதிரி நிற்கும். அவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வார். அதன்பிறகுதான் வீட்டில் காப்பி.

முதல் கோடையிலேயே இர்மாவின் லெட்டூஸ் பாத்தி மொட்டையாகிப் போனது. “உங்க பொண்ணு ஒரு எல மிச்சம் வைக்கல” என்று சண்டைக்குப் போனாள். டெல்பர்ட் மறுநாள் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பாத்தி பீன்ஸும் கொஞ்சம் தீவனப்புல்லும் விதைத்தார். “இது அவளுது. அது உன்னுது. ரெண்டு பேரும் எல்லை தாண்டாதீங்க” என்றார். பெக்கி தாண்டியது. இர்மாவும் தாண்டினாள். இரண்டாவது வருடம் குட்டிகள் பிறந்தபோது அவள்தான் ஆப்பிளை வில்லை வில்லையாக நறுக்கிக் கல்சுவரின்மேல் வரிசையாக வைத்தாள். ஒரு குட்டி கம்பிவலையில் தலையைக் கொடுத்து மாட்டிக்கொண்டபோது, பள்ளிக்கூட பஸ் ஓட்டிவிட்டு வந்த சீருடையோடு தரையில் படுத்து, கம்பியை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தவளும் அவள்தான். “என் பொண்ணுன்னியே, இப்ப யாரு பொண்ணு?” என்று டெல்பர்ட் ஜன்னலில் நின்று கேட்டார். “வாய மூடிட்டு அந்தக் குறடக் குடுங்க” என்றாள்.

அப்புறம் அவருக்கு ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பித்தது. சாவி வைத்த இடம், தேவாலயத்துக்குப் போகும் வழி, தம்பியின் பெயர். ஒரு நாள் காலை இர்மா காப்பி கொண்டு வந்து வைத்தபோது, “ரொம்ப நன்றிங்க மேடம். என் வீட்டுக்காரி பஸ் ஓட்டப் போயிருக்கா. மூணரைக்கு வந்துடுவா” என்றார். அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அப்போதே இரண்டு வருடம்.

கால்களும் தளர்ந்து சக்கர நாற்காலி வந்தபோது, தேவாலயத்து ஆண்கள் ஒரே சனிக்கிழமையில் பின்வாசலில் மரச் சாய்தளம் கட்டிக்கொடுத்துவிட்டு, இர்மா சுட்ட ஆப்பிள் கேக்கைத் தின்றுவிட்டுப் போனார்கள். கம்பம் நட்டதில் மண் இளகிக் கிடந்தது. பெக்கி அடுத்த வாரமே பழைய வளையைக் காலி பண்ணிவிட்டு அங்கே குடிபோனது. இர்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு உள்ளூர சந்தோஷம்கூட. டெல்பர்ட்டின் ஜன்னலுக்கு நேர் கீழே வந்துவிட்டதே. விசிலுக்கு எழுந்து நின்றால் முகம் முழுசாகத் தெரியும். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர், அந்த ஒரு நிமிடம் மட்டும் பழைய டெல்பர்ட்டாகத் தொப்பியைத் தொடுவார். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இர்மா காலையில் எழுந்தாள் என்றே சொல்லலாம்.

போன அக்டோபர் மூன்றாவது வாரம், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இறங்கும்போது சாய்தளத்தின் ஒரு கம்பம் பொதக்கென்று கீழே போனது. பலகை சாய்ந்து, நாற்காலி கவிழ்ந்து, டெல்பர்ட்டின் நெற்றி பிளந்தது. ஐந்து தையல்.

வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் நர்ஸ் குனிந்து பலகைக்குக் கீழே பார்த்தாள். வளை, வளைக்குள் வளை. “இது சரிப்படாதும்மா. அடுத்த வாரம் வருவேன். அதுக்குள்ள இந்த ஓட்டைய அடைச்சு, அந்தப் பிராணிய வெளியேத்தலன்னா, இவர முதியோர் இல்லத்துல சேக்கணும்னு நான் எழுதித்தான் ஆகணும். கோவிச்சுக்காதீங்க” என்றாள்.

அன்று மாலையே டெல்பர்ட்டின் தம்பி கர்ட் வந்தான். அறுபது வயசானாலும் எல்லாவற்றுக்கும் அவசரம்.

“ஒரே தோட்டா இர்மா. நீ காப்பி கலக்கறதுக்குள்ள முடிஞ்சிரும்.”

“துப்பாக்கியோட என் வாசல்ல கால வையி. மொத தோட்டா யாருக்குன்னு அப்பறம் பாக்கலாம்.”

“அடேயப்பா! சரி, அப்ப எங்கிட்ட கூண்டு இருக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம் காட்டுல கொண்டுபோய் விட்டுரு. எல்லாரும் அதான பண்றாங்க? அதும் பொழைச்சுக்கும், இவரும் பொழைச்சுக்குவாரு.”

எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். கொல்ல மனசு வராதவர்கள் கூண்டில் பிடித்து, நல்ல காடாகப் பார்த்து விட்டுவிட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறார்கள். இர்மாவுக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. டெல்பர்ட்டை இல்லத்துக்கு அனுப்பவும் வேண்டாம், பெக்கியைச் சாகடிக்கவும் வேண்டாம். வேறென்ன வேண்டும்?

வியாழக்கிழமை மதியம் டெல்பர்ட் தூங்கும் நேரமாகப் பார்த்துக் கூண்டைக் கல்சுவரின் அருகே வைத்து, உள்ளே ஆப்பிள் வில்லைகளைப் போட்டாள். கர்ட், “ரெண்டு நாள் ஆகும், லேசுல மாட்டாது, கில்லாடிங்க” என்று சொல்லியிருந்தான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெக்கி வாய் நிறையக் காய்ந்த இலைகளைக் கவ்விக்கொண்டு சுவரோரமாக வந்தது. கூண்டைப் பார்த்தது. பக்கத்தில் நின்ற இர்மாவைப் பார்த்தது. அந்தக் கையிலிருந்து வந்த எந்த ஆப்பிளும் அதைக் கெடுத்ததில்லை. இலைகளைக் கீழே போட்டுவிட்டு நேராக உள்ளே போனது.

படாரென்று கதவு விழுந்தது. கீழே கிடந்த இலைகளைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. அதை நினைத்துத்தான் பின்னால் தலையில் அடித்துக்கொண்டாள்.

காரின் பின்சீட்டில் கூண்டை வைத்துப் பாலம் தாண்டினாள். பெக்கி பல்லைக் கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தது. “எந்திரிக்காத, ஒக்காரு. எறங்கற எடம் வந்தா சொல்றேன்” என்றாள், இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய பழக்கத்தில். பீச் என்ற காட்டு மரங்கள் அடர்ந்த ஒரு சரிவில், நாயும் வீடும் இல்லாத இடமாகத் தேடி நிறுத்தினாள். ஒரு பை ஆப்பிளைக் குவித்து வைத்துவிட்டுக் கூண்டைத் திறந்தாள்.

பெக்கி ஓடவில்லை. வெளியே வந்து, நிமிர்ந்து, கைகளை வயிற்றில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்து நின்றது.

“போ” என்றாள் இர்மா. “போடி. இங்க உனக்கு எல்லாம் இருக்கு. போ!”

அது நின்றது. கடைசியில் அவள் கையைத் தட்டி, காலைத் தரையில் உதைத்து, அதட்டித்தான் விரட்ட வேண்டியிருந்தது. ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட அவள் அதை அப்படி அதட்டியதில்லை.

சனிக்கிழமை தேவாலயத்து ஆண்கள் வந்து வளைகளில் கல் கொட்டி, வலை விரித்து, சிமெண்ட் பூசினார்கள். நர்ஸ் வந்து பார்த்து, “இதான் வேணும்” என்றாள். டெல்பர்ட் வீட்டிலேயே இருந்தார். ஜன்னலைத் திறந்து விசில் அடித்தார். மறுபடி அடித்தார்.

“எங்க மேடம் அவ?”

“தூங்கப் போயிட்டா. குளிர் வந்திருச்சில்ல.”

அவர் தலையாட்டினார். தொட வந்த கை தொப்பி வரை போகாமல் மடியில் விழுந்தது.

திங்கட்கிழமை இர்மா, அனாதையாகக் கிடைக்கும் காட்டுக் குட்டிகளை வளர்த்துவிடும் ஜோலீன் என்ற பெண்ணுக்குப் போன் பண்ணினாள். உண்மையைச் சொன்னால், நல்ல காரியம் செய்தாய் என்று ஒருத்தி வாயால் கேட்கத்தான் பண்ணினாள்.

“என்னைக்கு விட்டீங்க?” என்றாள் ஜோலீன்.

“போன வியாழன்.”



“ஜூன்ல விட்டிருந்தா வேற” என்றாள் ஜோலீன். “இப்ப அது தூங்கப் போற நேரம். ஆழமா வளை வேணும், உள்ள படுக்க எல வேணும். இனிமே புது எடத்துல அத்தனையும் செய்ய அதுக்கு நாள் இல்லீங்க. தரை இறுகிரும்.”

“எல... வாயில எல வச்சிருந்தா” என்றாள் இர்மா.

“படுக்கை போட்டுட்டு இருந்திருக்கும்.” ஜோலீன் குரலைத் தாழ்த்தினாள். “ஒடனே போய்த் தேடுங்க. கெடைச்சா எங்கிட்ட கொண்டாந்துருங்க. வசந்தம் வரைக்கும் நான் வச்சுக்கறேன்.”

கர்ட்டை அண்ணனோடு உட்கார வைத்துவிட்டு நான்கு நாள் தேடினாள். ஆப்பிள்களில் பாதி மான்கள் தின்றது போக அழுகிக் கிடந்தன. டெல்பர்ட்டின் விசிலை அடித்துப் பார்த்தாள். அவளுக்கு விசிலே வராது. உலர்ந்த உதட்டில் காற்றுதான் வந்தது. அதனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வேட்டைக்கு வந்த ஒருவன், “நாய் தொலைஞ்சு போச்சாம்மா?” என்று கேட்டான். ஆமாம் என்றாள்.

ஐந்தாம் நாள் காலை தரையெல்லாம் உறைபனி. சரிவின் மேலே ஒரு பீச் மரத்தின் வேரடியில், புதிதாகக் கீறிய மண் தெரிந்தது. ஒரு முழ ஆழம்கூட இல்லை. அதற்குக் கீழே தட்டைத் தட்டையாகப் பாறை. பாறையின்மேல் நகம் கீறிய வெள்ளைக் கோடுகள். அந்தக் குழிக்குள் பாதி உடம்பை நுழைத்து, முகத்தை வயிற்றுக்குள் சுருட்டிக்கொண்டு கிடந்தது. ஒருவேளை தூக்கமோ என்று ஒரு கணம் நினைத்தாள். இடது காதில் பாதி இல்லை. தொட்டபோது கல்லாக விறைத்திருந்தது.

இர்மா அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்து அழுதாள். நாற்பத்து நான்கு வருடத்துக்கும் சேர்த்து அழுதாள் போலிருக்கிறது. ‘மேடம்’ என்று முதலில் கேட்ட அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

கோட்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, கல்சுவரின் ஓரம் மண்வெட்டியால் தோண்டினாள். ஆழமாகவே தோண்டினாள். காய்ந்த இலைகளை இரண்டு கை அள்ளி முதலில் போட்டாள். நிமிர்ந்தபோது ஜன்னலில் டெல்பர்ட்.

“என்ன மேடம் நட்டீங்க?” என்றார், அவள் உள்ளே வந்ததும்.

“துலிப்.”

பொய்யாகப் போய்விடக் கூடாதென்று மறுநாள் பத்து துலிப் கிழங்குகளைக் கொண்டுவந்து அதன்மேல் நட்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே கேள்வி, ஒரே பதில். எந்திரிச்சாளா? தூங்குறா. கிறிஸ்துமஸ் அன்று, பனி முழங்கால் உயரம் விழுந்த அன்று, கர்ட்டையே அவர் அடியோடு மறந்த அன்று, எந்திரிச்சாளா? தூங்குறா. கர்ட் ஒருநாள் பொறுக்காமல் இர்மாவை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

“சொல்லித் தொலைச்சிரேன். பத்து நிமிஷம் அழுவாரு, அப்பறம் மறந்துடுவாரு.”

“மறந்துட்டு மறுபடி கேப்பாரு. நான் தெனமும் காலைல அவளச் சாகடிக்கணுமா?”

கூண்டு கர்ட்டுடையதுதான். அதை அவன் திரும்பக் கேட்கவே இல்லை.

பிப்ரவரி இரண்டு வந்தது. டெல்பர்ட்டுக்கு அன்றைக்கு எப்படியோ தேதி நினைவிருந்தது. முகம் கழுவி, தொப்பி வைத்து, டிவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். “இன்னிக்கு எந்திரிச்சுருவா.” இர்மா கையைப் பிசைந்துகொண்டு பின்னால் நின்றாள். திரையில் தொப்பிக்காரர்கள் அந்தப் பிராணியைத் தூக்கினார்கள். வெயில் பளிச்சென்று அடித்தது. நிழல் விழுந்தது. கூட்டம் ‘ஓ’வென்று கத்தியது.

“இன்னும் ஆறு வாரமாம்” என்றாள் இர்மா.

“சோம்பேறி” என்று சிரித்தார் டெல்பர்ட்.

அந்த வெயிலுக்கு அவள் மனசார நன்றி சொன்னாள். ஆறு வாரம் கிடைத்திருக்கிறதே! ஆனால் ஆறு வாரம் ஆறே வாரம்தான். மார்ச் பாதியில் பனி உருகி, மண் கறுத்து, கல்சுவரோரம் துலிப் முளைகள் பச்சை விரல்களாக எட்டிப் பார்த்தன. டெல்பர்ட் இப்போது கேட்பதை நிறுத்திவிட்டு ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டைப் பாதிக்குமேல் தொடுவதில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மாதக் கடைசியில் ஒரு மதியம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் வெளியே பார்த்துவிட்டுத் தட்டை நழுவவிட்டாள். கல்சுவருக்கும் விறகுக் குவியலுக்கும் நடுவிலிருந்து ஒரு கிரவுண்ட்ஹாக் வந்து, துலிப் முளைகளை ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. பெக்கி போன வருடம் ஈன்ற குட்டிகளில் ஒன்றாக இருக்க வேண்டும். அதே அகலமான பின்பக்கம், அதே அவசரமில்லாத மெல்லல்.

ஈரக்கையோடு ஓடி ஜன்னலைத் திறந்தாள். “டெல்! பாருங்க, எந்திரிச்சுட்டா! பெக்கி எந்திரிச்சுட்டா!”

அவர் குனிந்து பார்த்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது. உதட்டைக் குவித்து அந்த இரண்டு சுரத்தை அடித்தார். ஐந்து மாதத்துக்கு அப்புறமும் அது பிசகாமல் வந்தது.

அந்தப் பிராணி விசிலைக் கேட்டதும் ஒரே ஓட்டமாக விறகுக் குவியலுக்குள் ஓடி மறைந்தது.

டெல்பர்ட் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

“அது அவ இல்ல” என்றார்.

“அவதான் டெல். தூக்கக் கலக்கம்...”

“காது முழுசா இருக்கு மேடம்.” கோபமே இல்லாமல், வழி தவறியவருக்குச் சொல்வது போலச் சொன்னார். “பெக்கிக்குப் பாதிக் காது. நான்தான் வெட்டினேன்.”

தன் தம்பியை மறந்தவர், மனைவியை மறந்தவர், அதை மறக்கவில்லை. இர்மாவுக்கு அதற்குமேல் பொய் சொல்ல வாய் வரவில்லை. அவர் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தான் டெல். நான்தான் கூண்டு வச்சுப் புடிச்சேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். போகமாட்டேன்னு நின்னா. நான் வெரட்டினேன். குளிர்ல செத்துப்போயிட்டா. உங்கள இங்கயே வச்சுக்கணும்னுதான்... எனக்குத் தெரியாது டெல், சத்தியமா எனக்குத் தெரியாது.”

டெல்பர்ட்டின் கண்கள் நிறைந்து கன்னத்தில் வழிந்தன. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. வெளியே கடித்துப்போட்ட துலிப் முளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி அவள் தோளில் வைத்தார். எத்தனையோ மாதமாக அந்தக் கை அவளைத் தானாகத் தொட்டதில்லை.

“அழாதீங்க மேடம்” என்றார். “யாரோ செய்யச் சொல்லிருப்பாங்க. செஞ்சுட்டீங்க. வேலைக்கு வந்தவங்க, உங்களுக்கு என்ன தெரியும்?”

அவள் நிமிரவில்லை.

அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஏதோ நினைவு வந்து பதறினார். அவள் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்பது போல மெதுவாகச் சொன்னார்.

“மூணரைக்கு இர்மா வந்துடுவா. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஆப்பிள் நறுக்கி வைக்கறது அவதான். அவ தாங்கமாட்டா.”

“சொல்லமாட்டேன்” என்றாள் இர்மா.